கித்தார் ஒலிப்பதிவில் ஒலியளவை வரையறுத்தல்

திருமலைக் கோயிலின் ஓர் அறையில் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த செப்பேடுகள் 1922-ஆம் ஆண்டில் வெளியுலகிற்குத் தெரியவந்தன. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) இயற்றிய தெலுங்குப் பாடல்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. இன்று நமக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 12,000 பாடல்கள். பாடலின் தலைப்பில் இராகத்தின் பெயர் காணப்படுகிறது. ஆனால் அப்பாடலை அக்காலத்தார் எவ்வாறு பாடினர் என்பதைச் செப்பேடு சொல்லவில்லை. ஆகவே ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979) முதலான அறிஞர்கள் பிற்காலத்தில் புதிதாக வர்ணமெட்டு அமைக்க வேண்டியதாயிற்று. சொல்லைச் செம்பு காத்தது; ஒலியைக் காப்பதற்கு அக்காலத்தில் யாதொரு சாதனமும் இருக்கவில்லை.

இன்று அச்சாதனம் ஏறக்குறைய எல்லோர் கைக்கும் எட்டியிருக்கிறது. ஒரு மடிக்கணினி, அதனுடன் இணைக்கத்தக்க சிறு ஒலிப்பெட்டி, ஓர் ஒலிவாங்கி ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டின் ஓர் அறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் புத்தூர், நகரி, சித்தூர் வட்டாரங்களில் நடவுப் பாட்டு, தாலாட்டு, தெருக்கூத்துப் பாட்டு முதலியவற்றை அறிந்த முதியோர் இன்னமும் உள்ளனர். அவற்றைப் பதிவு செய்ய விரும்பும் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் கருவியின் குறைவு இன்று பெருந்தடை அன்று. பதிவு செய்யும்போது ஒலியளவை எங்கே நிறுத்துவது என்னும் ஒரு சிறு செய்தியை அறியாமையே பல நல்ல பதிவுகளைக் கெடுக்கிறது. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இதற்குக் கித்தாரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பள்ளிகளிலும் வீடுகளிலும் இன்று பரவலாகக் காணப்படும் தந்திக் கருவி அது. அன்றியும், தந்தியை மீட்டும் கணத்தில் அதன் ஒலி திடீரென எழுந்து, உடனே தணியத் தொடங்குகிறது. இவ்வாறு திடீரென எழும் ஒலியைச் சேதமின்றிப் பதிவு செய்யக் கற்றவருக்கு வீணையும் வாய்ப்பாட்டும் தாளக் கருவிகளும் கடினமாக இரா.

ஒலி செல்லும் வழி

கித்தாரின் தந்தி அதிர்கிறது. அதனால் காற்றில் எழும் அழுத்த மாறுதலை ஒலிவாங்கி மிகச் சிறிய மின்னழுத்தமாக மாற்றுகிறது. மின்சாரக் கித்தாராயின் தந்திகளின் அடியில் உள்ள பிக்கப் என்னும் காந்தச் சுருளே இவ்வேலையைச் செய்யும். இம்மின்னழுத்தம் ஒலிப்பெட்டியுள் நுழைந்து, அங்குள்ள பெருக்கியினால் பன்மடங்காக்கப்படுகிறது. ஒலிப்பெட்டியின் முகப்பில் காணப்படும் திருகு இப்பெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது. இக்கட்டுரையில் இதனைப் 'பெருக்கத் திருகு' என்று குறிப்பிடுவோம்.

பெருக்கப்பட்ட மின்னழுத்தத்தை அதே பெட்டியிலுள்ள எண்மாற்றி ஒரு விநாடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறது. அவ்வெண்களின் வரிசையே கணினிக்குச் செல்கிறது. மென்பொருள் அவற்றைச் சேமித்து வைக்கிறது. பின்னர் நாம் விரும்பியவாறு கூட்டவும் குறைக்கவும் வெட்டவும் ஒட்டவும் இடமளிக்கிறது.

இவ்வழியில் நாம் நினைவிற் கொள்ளவேண்டிய இடம் ஒன்றுதான். அது எண்மாற்றியின் வாயில். அவ்வாயிலுக்கு முன்னே உள்ள திருகே பதிவின் தரத்தை நிர்ணயிப்பது. வாயிலைக் கடந்த பின்னர் மென்பொருளில் நாம் அசைக்கும் எந்தக் கோலும், முன்னரே எழுதப்பட்டுவிட்ட எண்களைப் பெருக்குவதோ வகுப்பதோ தவிர வேறொன்றும் செய்வதில்லை. அவ்வாறே காதணிக் கேட்பொறிக்குரிய திருகும் நாம் கேட்கும் ஒலியை மாற்றுமேயன்றிப் பதிவாகும் ஒலியை மாற்றாது. 'காதிற்கு ஒலி பெரிதாகக் கேட்டது. ஆகவே பதிவும் சரியாக இருக்கும்' என்று எண்ணுதல் புதிதாகப் பழகுவோர் செய்யும் பொதுவான பிழை.

டெசிபெல் என்னும் அளவு

மென்பொருளின் அளவுகோலில் எண்கள் பெரும்பாலும் எதிர்க்குறியுடன் இருப்பதைக் கண்டு பலர் மயங்குவர். அதன் காரணம் எளிது. எண்மாற்றி எழுதக்கூடிய மிகப் பெரிய எண் பூஜ்ய டெசிபெல் எனப்படுகிறது. அதற்கு மேல் அளவே இல்லை. மற்ற எல்லா ஒலிகளும் அதற்குக் கீழே எவ்வளவு தாழ்ந்துள்ளன என்று அளக்கப்படுவதால் அவற்றிற்கு எதிர்க்குறி வருகிறது. −6 டெசிபெல் என்பது அலையின் வீச்சு உச்ச அளவில் ஏறத்தாழப் பாதி. −12 என்பது கால் பங்கு. −18 என்பது அரைக்கால் பங்கு. −20 என்பது பத்தில் ஒரு பங்கு.

இங்கு ஓர் எச்சரிக்கை. காற்றிலுள்ள ஒலியின் உரப்பை அளக்கவும் டெசிபெல் என்னும் அதே பெயர் வழங்குகிறது. அங்கே பூஜ்யம் என்பது மனிதச் செவிக்குக் கேட்கத் தொடங்கும் மிக மெல்லிய ஒலி. இங்கே பூஜ்யம் என்பது கருவி தாங்கும் மிகப் பெரிய ஒலி. முன்னது தரை, பின்னது கூரை. டெசிபெல் என்பது ஒரு விகிதமேயாதலின், எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு. மாணவர்க்கு இதனை முதலிலேயே தெளிவுபடுத்துதல் நன்று.

உச்சிவெட்டு

கூரைக்கு மேல் அளவில்லை என்றோம். அவ்வாறாயின், கூரையினும் உயர்ந்த அலை வந்தால் நிகழ்வது யாது? எண்மாற்றி தன்னால் எழுத இயன்ற மிகப் பெரிய எண்ணையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும். அலை கூரைக்குக் கீழே இறங்கிய பிறகே மீண்டும் உண்மையான அளவுகளை எழுதும். அதன் விளைவாக, மலைச்சிகரம் போல் வளைந்திருக்க வேண்டிய அலை, சிகரம் சீவப்பட்டு மேசையைப் போல் தட்டையாகிறது. இதனை உச்சிவெட்டு என்போம். சீவப்பட்ட அலையில் மூல ஒலியில் இல்லாத அதிர்வுகள் பல தோன்றும். அவை செவிக்குக் 'கரகர' என்றும் 'படபட' என்றும் புலப்படும்.

வைக்கோல் ஏற்றிய வண்டி இரயில் பாலத்தின் அடியில் செல்வதைக் கருதுக. பாரம் பாலத்தினும் உயர்ந்திருந்தால் மேற்பகுதி உரசிச் சிதறும். வண்டியைப் பிறகு எத்துணைத் தாழ்வான சாலையில் ஓட்டினாலும் சிதறிய வைக்கோல் திரும்பி வராது. ஆதலால் அறிவுள்ள வண்டியோட்டி பாலத்திற்கும் பாரத்திற்கும் இடையே சிறிது வெற்றிடம் இருக்குமாறு பாரம் ஏற்றுவான். ஒலிப்பதிவிலும் இவ்வெற்றிடம் இன்றியமையாதது. ஒலிப்பொறியாளர் இதனைத் 'தலைக்கு மேலுள்ள இடம்' என்னும் பொருள்படும் சொல்லால் குறிப்பர். நாம் தலையிடம் என்போம்.

ஓர் அனுபவம்

இக்கட்டுரையாளர் இதனைக் கற்ற விதத்தை ஈண்டுக் கூறுதல் பயன்படும். சில ஆண்டுகளுக்கு முன் புத்தூரில் எம் வீட்டு மாடியறையில், முதிய அத்தையார் ஒருவர் பாடிய நடவுப் பாட்டைப் பதிவு செய்ய முற்பட்டோம். அண்ணன் மகன் கித்தார் வாசித்துத் துணை செய்தான். ஒலியளவைச் சரிபார்க்கும்போது அவன் தந்திகளை ஒவ்வொன்றாக மெல்ல மீட்டினான். அத்தையார் வெற்றிலையைக் குதப்பியவாறே முதலடியை முணுமுணுத்தார். அளவுகோல் தாழ்ந்திருக்கவே, பெருக்கத் திருகை நன்றாக மேலே ஏற்றினோம். பிறகு பாட்டுத் தொடங்கிற்று. இரண்டாம் அடியிலேயே அத்தையார் வயலில் நிற்பவரைப் போல் குரலை உயர்த்தினார். அவருக்கு ஈடு கொடுக்க எண்ணிய இளைஞன் ஆறு தந்திகளையும் ஒருசேர ஓங்கி மீட்டினான். அளவுகோலின் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டை நிறுத்த மனம் வரவில்லை.

அன்று மாலை பதிவைக் கேட்டபோது ஒவ்வொரு தாளத்திலும் கரகரப்பு. "சித்தப்பா, ஒலியைக் குறைத்தால் சரியாகிவிடும்" என்று அவன் மென்பொருளின் கோலைக் கீழே இறக்கினான். தட்டையான சிகரங்கள் சிறிய தட்டையான சிகரங்களாயின, அவ்வளவே. மறுமுறை பாடச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டோம். அடுத்த ஆண்டு அத்தையார் காலமானார். ஒடிந்த எலும்புக்குக் கட்டுப்போடுவதில் பேர்பெற்ற ஊர் புத்தூர். ஒடிந்த ஒலியலைக்குப் போடத்தக்க கட்டு அங்கும் இல்லை.

வெட்டுண்ட சிகரங்களை இருபுறமும் உள்ள வளைவைக் கொண்டு ஊகித்து நிரப்பும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. ஓரிரு வெட்டுகளுக்கு அது பயன்படும். பாட்டு முழுவதும் வெட்டுண்டிருந்தால் அவ்வூகம் மூல ஒலிக்கு ஈடாகாது.

எமது பிழை யாது? சோதனையின்போது கேட்ட மெல்லிய ஒலியையே அளவாகக் கொண்டது. சோதனைக்காக வாசிப்பவர் எப்போதும் அடக்கமாகவே வாசிப்பார். உண்மையாக வாசிக்கத் தொடங்கியதும் கை ஓங்கும், குரல் உயரும். இது மனித இயல்பு. ஆதலின் அளவை நிர்ணயிக்க வேண்டியது மெல்லிய பகுதியைக் கொண்டன்று. பாட்டிலேயே மிக உரத்த பகுதியைக் கொண்டேயாம்.

பழைய விதியும் அதன் காரணமும்

'சிவப்பைத் தொடும் வரை ஏற்று' என்று மூத்தோர் சிலர் கூறக் கேட்டிருப்போம். அவர்கள் கூறியது பிழையன்று. அது வேறொரு கருவிக்குரிய விதி.

இசைத்தட்டின் தொடக்க காலத்தில் மின்சாரப் பெருக்கியே கிடையாது. 1902-இல் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது, பாடகர் ஒரு பெரிய கூம்பின் வாயருகே நின்று பாடவேண்டியிருந்தது. கூம்புக்கும் பாடகருக்கும் இடையேயுள்ள தொலைவே அன்று ஒலியளவை ஆளும் திருகாக இருந்தது. 1925-இல் ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் இசைத்தட்டுப் பதிவில் புகுந்தன. 1935-இல் ஜெர்மனியில் காந்த நாடாப் பதிவுக் கருவி பொதுமக்களுக்குக் காட்டப்பெற்றது. பின்னர் அதுவே உலகெங்கும் பரவியது.

காந்த நாடாவிற்கு இரு குணங்கள் உண்டு. ஒன்று, அது இயல்பாகவே 'உஸ்' என்னும் இரைச்சலை உடையது. மெல்லிய ஒலியைத் தாழ்வாகப் பதிந்தால் அது இரைச்சலில் மூழ்கிவிடும். மற்றொன்று, ஒலி எல்லை மீறினால் நாடா சட்டென்று வெட்டுவதில்லை. சிறிது சிறிதாக நிறைவுற்று, அலையின் சிகரத்தை மெல்ல வளைத்துக் கொடுக்கும். ஆகவே இரைச்சலினின்று தப்ப ஒலியை மேலே ஏற்றுவதும், சற்று மிகினும் கவலையின்றி இருப்பதும் அக்காலப் பொறியாளர்க்குத் தக்க முறையாக இருந்தன.

அவர்கள் பயன்படுத்திய முள் அளவுகோலும் வேறு வகையினது. 1939-இல் அமெரிக்காவில் வரையறுக்கப்பட்ட முள், ஒலி தொடங்கியபின் தன் இடத்தை அடைய விநாடியில் பத்தில் மூன்று பங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். கித்தாரின் தந்தியை மீட்டும்போது எழும் முதல் அடியோ விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. முள் அதனைக் காணுமுன்னே அது மறைந்துவிடும். முள் காட்டியது சராசரியையே, உச்சத்தை அன்று. இன்றைய மென்பொருளின் அளவுகோல் உச்சத்தையே காட்டுகிறது. எனவே பழைய முள்ளின் பூஜ்யமும் இன்றைய பூஜ்யமும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்கள் தம் இணைப்பு அளவாக −18 டெசிபெலைக் கொள்கின்றன. பழைய முள் பூஜ்யத்தில் நின்ற இடத்திற்கு இன்றைய அளவுகோலில் ஒப்பாவது இத்தகைய ஓர் இடமே. அதற்கு மேலுள்ள 18 டெசிபெல் முழுவதும் தலையிடம்.

குறைவாகப் பதிந்தால் தரம் கெடுமா?

இவ்வினா இயல்பாக எழும். ஒரு கணக்கால் விடை காண்போம்.

எண்மாற்றி ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளால் எழுதினால் 65,536 படிகள் கிடைக்கும். 24 பிட்டுகளால் எழுதினால் 1,67,77,216 படிகள் கிடைக்கும். ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெலுக்கு ஈடு. ஆகவே 16 பிட்டுக்கு ஏறத்தாழ 96 டெசிபெலும், 24 பிட்டுக்குக் கணக்களவில் 144 டெசிபெலும் இடைவெளி உண்டு. உச்சத்தை −12-இல் நிறுத்தினால் நாம் இழப்பது இரண்டு பிட்டுகள் மட்டுமே. 24-இல் இரண்டு போக 22 எஞ்சும். அவற்றின் கீழ்க்கடைப் பிட்டுகள் பெட்டியின் மின்னணு இரைச்சலிலேயே மறைந்துவிடுபவை. ஆகவே இழந்ததாக ஒன்றுமில்லை.

இனி அறையைப் பார்ப்போம். அமைதியான வீட்டறையில் எஞ்சியிருக்கும் ஒலி 30 முதல் 40 டெசிபெல் வரை இருக்கலாம். அருகிலிருந்து கேட்கும் கித்தாரின் உரத்த ஒலி 80, 90 என்னும் அளவினது. இரண்டிற்கும் இடையே உள்ளது ஏறத்தாழ 50 டெசிபெலே. எண்மாற்றியின் இடைவெளி இதனினும் மிகப் பெரியது. எனவே பதிவில் நாம் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் எண்ணிலிருந்து வருவதன்று. மின்விசிறியிலிருந்தும், சன்னலுக்கு வெளியிலிருந்தும், அரக்கோணம்–ரேணிகுண்டா இரயில் பாதையிலிருந்தும் வருவதே.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படும். பெருக்கத் திருகை ஏற்றினால் கித்தாரின் ஒலியோடு மின்விசிறியின் ஒலியும் அதே விகிதத்தில் ஏறும், பயன் இல்லை. ஒலிவாங்கியைக் கித்தாருக்கு அருகே கொண்டு சென்றால் கித்தாரின் ஒலி மட்டும் ஏறும். தொலைவைப் பாதியாக்கினால் நேரே வந்து சேரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். ஆகவே ஒலி போதவில்லை என்று தோன்றினால் முதலில் நகர்த்த வேண்டியது ஒலிவாங்கியை, திருகை அன்று.

செய்முறை

1. மின்விசிறியை நிறுத்துக. சன்னல்களைச் சாத்துக. கேட்பொறியில் 'ம்ம்' என்னும் தாழ்ந்த இரைச்சல் கேட்டால், மடிக்கணினியின் மின்னேற்றியைச் சிறிது நேரம் கழற்றிவிட்டு, மின்கலத்தில் இயக்கிப் பார்க்க. நம் நாட்டு மின்சாரத்தின் 50 சுழற்சி அதிர்வு இவ்வழியாகவும் புகுவதுண்டு.

2. மின்சாரக் கித்தாரை ஒலிப்பெட்டியில் இசைக்கருவிக்கென்று குறிக்கப்பட்ட உள்வாயிலில் இணைக்க. அவ்வாயிலின் மின்தடுப்பு மிக உயர்ந்தது. பெரும்பாலும் பத்து இலட்சம் ஓம் அளவினது. ஒலிவாங்கிக்குரிய வாயிலில் அதனை இணைத்தால் ஒலி மங்கிப்போகும். மின்தேக்கி வகை ஒலிவாங்கியாயின் அதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்னழுத்தப் பொத்தானை அழுத்துக.

3. மென்பொருளில் 24 பிட், 48,000 அல்லது 44,100 என்னும் அளவைத் தேர்ந்தெடுக்க. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போன்ற எளிய மென்பொருளே இதற்குப் போதும். மென்பொருளின் பதிவுக் கோலை அதன் இயல்பான முழுநிலையில் விட்டுவிடுக. பெருக்கத் திருகை முழுவதும் கீழே இறக்கி வைக்க.

4. பாட்டின் மிக உரத்த பகுதியை அரை நிமிடம் வாசிக்கச் செய்க. வாசிப்பவர் மேடையில் வாசிப்பதைப் போலவே வாசிக்க வேண்டும் என்று சொல்லுக. அப்போது பெருக்கத் திருகைச் சிறிது சிறிதாக ஏற்றி, உச்சங்கள் −12 டெசிபெலை ஒட்டி நிற்குமாறு செய்க. சராசரி −18-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ அமையும்.

5. வாசிப்பவர் அனுபவம் குறைந்தவராயின், அல்லது முதியவர் பாடுவதாயின், மேலும் 3 முதல் 6 டெசிபெல் குறைத்து வைக்க. உணர்ச்சி மிகும்போது ஏறும் ஒலிக்கு அது இடந்தரும்.

6. அரை நிமிடம் பதிவு செய்து நிறுத்துக. காதால் கேட்பதோடு நில்லாமல், அலையின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாலும் பார்க்க. சிகரங்கள் கூர்மையாகவோ வளைந்தோ இருத்தல் வேண்டும். எங்கேனும் தட்டையாயிருந்தால் திருகைக் குறைத்து மீண்டும் தொடங்குக.

7. பதிவின்போது சிவப்பு விளக்கு எரிந்தால் தயங்காமல் நிறுத்துக. மறுமுறை வாசிக்கச் சொல்லுவதில் நாணமில்லை. நிறுத்த இயலாத நிகழ்ச்சியாயின், திருகை உடனே சிறிது குறைத்து, பிறகு அதனைத் தொடாமல் விட்டுவிடுக. ஒவ்வொரு அடிக்கும் திருகை ஏற்றி இறக்கினால் பாடகரே குரலை ஏற்றி இறக்கியதாகத் தோன்றும்.

8. பதிவு முடிந்ததும் மூலக் கோப்பை மாற்றாமல் இரண்டு இடங்களில் சேமித்து வைக்க. ஒலியை உயர்த்துதல் முதலான திருத்தங்களை ஒரு நகலில் மட்டுமே செய்க.

கித்தாருக்குரிய சில குறிப்புகள்

மரக் கித்தாரின் நடுவிலுள்ள வட்டத் துளைக்கு நேர் எதிரே ஒலிவாங்கியை வைத்தல் வழக்கமான தவறு. அத்துளையிலிருந்து தாழ்ந்த அதிர்வுகள் மிகுதியாக வெளிப்படும். அளவுகோல் அவற்றால் நிறைந்துவிட, தந்தியின் தெளிவு குறையும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி, ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால் ஒலி சீராக இருக்கும். விரலால் மீட்டுவதற்கும் தகட்டால் ஓங்கி மீட்டுவதற்கும் ஒலியளவில் பெரும் வேறுபாடு உண்டு. ஒரே பாட்டில் இரண்டும் வருமாயின் ஓங்கி மீட்டும் பகுதியைக் கொண்டே அளவு வைக்க.

கித்தாரிலேயே ஒலித்திருகு இருந்தால் அதனை முதலில் ஓரிடத்தில் நிலைநிறுத்திவிட்டுப் பிறகு பெட்டியின் திருகைச் சரிசெய்க. மின்கலத்தால் இயங்கும் பெருக்கியைத் தன்னுள்ளே கொண்ட கித்தாராயின் அதன் வெளியீடு உரத்தது. பெருக்கத் திருகு மிகக் கீழேயே நிற்கலாம். அதனால் பழுதில்லை. மின்கலம் தீரும் நிலையில் அப்பெருக்கியே ஒலியை வெட்டத் தொடங்கும். அளவுகோலில் உச்சம் −12-இல் நின்றும் ஒலி கரகரத்தால் ஐயுற வேண்டியது அம்மின்கலத்தையே. வெட்டு எண்மாற்றியில் மட்டும் நிகழ்வதன்று; வழியிலுள்ள எந்தப் பெருக்கியிலும் நிகழலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

கைப்பேசியில் பதிவு செய்வோர் கவனிக்க வேண்டியது பிறிதொன்று. பேச்சுக்கென அமைந்த செயலிகள் பல, ஒலியளவைத் தாமே ஏற்றி இறக்கும் இயல்புடையவை. கித்தாரின் ஒலி தணியும்போது அவை பெருக்கத்தை ஏற்ற, பின்னணி இரைச்சல் அலைபோல் எழுந்து எழுந்து விழும். அவ்வசதியை நிறுத்த இயலுமாயின் நிறுத்திவிடுக.

32 பிட் மிதவைப் புள்ளி முறையில் எழுதினால் உச்சிவெட்டே நேராது என்று விளம்பரங்கள் கூறுவதுண்டு. கோப்பின் எண்ணளவில் அது மெய். ஆனால் எண்மாற்றியின் வாயிலிலேயே அலை வெட்டுண்டால், வெட்டுண்ட அலையைத்தான் அக்கோப்பும் சேமிக்கும். அதற்கென இரண்டு எண்மாற்றிகளை இணைத்து அமைத்த தனிக் கருவிகளுக்கே அக்கூற்றுப் பெரிதும் பொருந்தும். சாதாரண ஒலிப்பெட்டி உடையோர் மேற்கூறிய முறையையே பின்பற்றுக.

வகுப்பில் செய்து காட்டத்தக்க சோதனை

ஆசிரியர் ஒரு கித்தாரைக் கொண்டு ஒரே பகுதியை மூன்று முறை பதிவு செய்க: உச்சம் −30-இல் ஒருமுறை, −12-இல் ஒருமுறை, வேண்டுமென்றே சிவப்பைத் தாண்டி ஒருமுறை. பிறகு மென்பொருளில் மூன்றையும் காதிற்கு ஒரே உரப்பாகக் கேட்குமாறு சரிசெய்து, எது எதுவெனச் சொல்லாமல் மாணவர்க்குக் கேட்பிக்க. முதல் இரண்டிற்கும் இடையே வேறுபாடு காண்பது அவர்க்குக் கடினமாக இருக்கும். மூன்றாவதை எல்லோரும் உடனே கண்டுகொள்வர். தாழ்வாகப் பதிந்ததனால் நேர்ந்த குறை சிறிது, மிகையாகப் பதிந்ததனால் நேர்ந்த கேடு பெரிது என்பதை நூறு சொற்களைவிட இச்சோதனை நன்கு உணர்த்தும்.

கணினி இல்லாத பள்ளிகளில் வரைபடத் தாளே போதும். ஒரு வளைந்த அலையை வரைந்து, அதன் சிகரங்களுக்குச் சற்றுக் கீழே அளவுகோலை வைத்து ஒரு கோடிட்டு, கோட்டிற்கு மேலுள்ளதைக் கத்தரித்து எறிந்துவிடுக. எஞ்சிய படத்தைப் பக்கத்து வரிசை மாணவனிடம் கொடுத்து, மூல அலையை மீண்டும் வரையச் சொல்லுக. இருவர் வரைந்தவை ஒன்றுபோல் இரா. இழந்த செய்தியை எவராலும் மீட்க இயலாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

முடிவு

மெல்லப் பதிவான ஒலியைப் பின்னர் உயர்த்தலாம். வெட்டுண்ட ஒலியை எக்காலத்தும் ஒட்டவைக்க இயலாது. இவ்வொன்றை உணர்ந்தால் −12 என்னும் எண்ணை நினைவில் வைப்பது எளிதாகும். களத்திற்குச் செல்வோர் உரத்த பகுதியை முதலில் கேட்டு வாங்குக. அளவுகோலில் தலையிடம் விடுக. பதிவு முடிந்ததும், பாடியவர் எழுந்து செல்லுமுன்னே, அதனை ஒருமுறை கேட்டுப் பார்க்க. குறை இருப்பின் அவர் எதிரிலேயே திருத்திக்கொள்ளலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தவர்க்கு அந்த மறுநாள் கிட்டாமலும் போகலாம்.